தனிமையும் சார்பும்

கொள்ளைநோய்க் காலத்தே, 'தனித்திருத்தல்' என்னும் துறவோர் சொல் உலகத்தார் அனைவர்க்கும் ஆணைச்சொல்லாயிற்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, "ஞானியர் தேடிச் செல்லும் ஏகாந்தம் நம் வீடு தேடி வந்தது, இதற்கு வருந்துவானேன்?" என அன்பர் சிலர் கூறக் கேட்டோம். நோய் பரவாமைப்பொருட்டு விலகியிருத்தல் வேண்டியதே. அதில் எமக்கு ஐயமில்லை. அவ்விலக்கினால் நேர்ந்த தனிமையைத் தவமெனக் கொள்க என்பது சித்தாந்தத்தோடு பொருந்துமா என்பதே ஈண்டு வினா. பொருந்தாதென்பது எம் துணிபு.

மணலியை நோக்குக. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத்தொழிற்சாலையும் உள்ள அவ்வூரில், வடமாநிலங்களினின்று வந்து உழைப்போர் பலர். ஓரறையிற் பலராய் உறங்குவார்க்கு ஏகாந்தம் ஏது? எனினும், கூலியின்றி, தாய்மொழி கேட்பாரின்றி, ஊர்செல்ல வண்டியுமின்றி இருந்த அவர் தனியரே. தொழிலாளர்க்கெனச் சிறப்புப் புகைவண்டிகள் மே 1-ஆம் நாளே தொடங்கின. அடுத்துள்ள இராயபுரத்திலோ நோய் மிக்கிருந்தது. சென்னையில் நோயுற்றார் வீட்டுவாயிலில் அறிவிப்பு ஒட்டப்பெற்றது; சிலர் வாயில் தகரத்தால் அடைக்கவும்பெற்றது. மனைவி மக்களோடு உள்ளிருந்தாரும் தெருவாரின் பார்வையால் தனியராயினர். ஆகவே தனிமையென்பது ஆளின்மையன்று, சார்பின்மை என்க. நோயின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு மிகுந்தன என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது; அன்புடையாரிடம் ஆதரவு பெற இயலாமையையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறிற்று.

இனி நூற்பொருளை நோக்குவோம். சாங்கியர் கைவல்லியத்தை, அஃதாவது தனித்து நிற்றலை, வீடென்பர். நம்மவரோ கேவலம் என்னும் பெயரை, உயிர் கருவிகளின்றி ஆணவ இருளில் மூழ்கிக் கிடக்கும் நிலைக்கே வைத்தனர். அவ்விருளினின்று உயிரை எடுப்பான் வேண்டியே இறைவன் தனு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். தனிமை நம் நூல்களில் தொடக்கத்து இருளேயன்றி முடிந்த பயனன்று. உயிரோ சார்ந்ததன் வண்ணமாவது. ஒன்றையும் சாராது நிற்றல் அதற்கு இயல்பன்று. நற்சார்பு நீங்கின், அடைத்த அறையில் அஃது அச்சத்தைச் சார்ந்து அச்சமேயாகும்.

"இறைவன் உயிர்க்குயிராய் உடனிருப்ப, தனிமையென்பது அறியாமையன்றோ?" எனின், உண்மையே. ஆயினும் உள்ளே நின்ற அம்முதல்வனே குருவாய்ப் புறத்தே வந்து உணர்த்துகின்றான் எனச் சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்டார் கூறியது எற்றுக்கு? சகலர்க்கு உள்நின்று உணர்த்தல் போதாமையாலன்றோ அவன் மானுடச் சட்டை தாங்கினான்? அவனே மனித முகமும் மனிதக் குரலும் வேண்டுமெனக் கொண்டிருக்க, அவற்றை வேண்டி ஏங்கினாரை மனத்திண்மை இல்லாரென இகழ்தல் எங்ஙனம் தகும்?

மணலிக்கு அணித்தாய திருவொற்றியூர் வரலாறும் இதற்குத் துணையாம். அங்குச் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த சுந்தரர்க்கு, திருவெண்பாக்கத்தில் இறைவன் அருளியது ஊன்றுகோல். கண்கள் காஞ்சியிலும் ஆரூரிலுமே கிடைத்தன. கோல் பெற்ற சுந்தரர் மகிழ்ந்தாரல்லர். கண் கேட்டார்க்குக் கோல் போதாதுதான். எனினும் கண்ணிற்கு முன்னர்க் கோல் வந்தது. 2020-இல் சென்னை மாநகராட்சி, அடைபட்ட வீட்டார்க்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தரத் தன்னார்வலரை அமர்த்திற்று. அவர் நோயைத் தீர்த்தாரல்லர். அவரை அக்கோலின் இனமாகவே யாம் கருதுகின்றோம்.

மலம் கழிந்த சீவன்முத்தர்க்கும் அடியாரோடு கூடியிருத்தலைப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது. அவர்க்கே அக்கூட்டம் வேண்டுமாயின், கூலி இழந்த தொழிலாளிக்கும் மக்கள் அயலூரிலிருக்கும் முதியாட்டிக்கும் வேண்டாமோ? 2020 மார்ச்சில் அடைத்த பெருங்கோயிற் கதவங்கள் தமிழ்நாட்டில் வழிபடுவார்க்குத் திறந்தது செப்டம்பர் 1-ஆம் நாளில். அத்தனை திங்களும் அடியார்கூட்டம் கூட இடமில்லை. அவ்விடத்தை நிரப்புதல் திருமடங்களின் கடனாயிருந்தது. இனியொரு நோய் வரினும் அங்ஙனமே. மடந்தோறும் தம் ஊரில் தனித்து வாழ்வார் பெயரை இப்பொழுதே எழுதிவைத்து, இன்னாரிடம் நாடோறும் தொலைபேசியிற் பேசுவார் இன்னார் என வகுத்துக்கொள்ளலாம். பேசுவார் தத்துவம் விளக்கவேண்டுவதில்லை. உண்டீரா, உறங்கினீரா, மருந்து உளதா என வினவிச் சிறிதுபொழுது செவிகொடுத்தல் அமையும்.