நனைந்த பின் முக்காடு

நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் மழைநாள், மழைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேற்கே மேகம் கறுத்ததுமே மனம் ஒதுங்க இடம் தேடுகிறது. முதல் தூறலில் கைபேசியைப் பொத்தி வைக்கிறோம். தேங்கிய நீரைச் சுற்றிப் போகிறோம். காலணி நனையாமல் பார்த்துக்கொள்வதே பிறவிப்பயன் போல ஆகிவிடுகிறது. பிறகு அடைமழை. உள்ளங்கால் வரை நீர் இறங்கியதும் எதிர்பாராத ஒரு விடுதலை. காப்பதற்கு இனி எதுவும் இல்லை. ‘நனைந்த பின் முக்காடு எதற்கு’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இந்த நொடியைத்தான் என்று தோன்றும்.

அப்படித் தோன்றுவது ஏற்றத்தில். ஜூன், ஜூலையில் சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி, மளுக்கப்பாறை வழியாக வால்பாறைக்கு ஏறுகிறவர்களை மழை பகலெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் குளிராது. மிதிக்கிறவரின் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பெடலைச் சேர்கிறது. மீதியெல்லாம் வெப்பமாகி வீணாகிறது என்கிறது அறிவியல். மழையில் ஏறும் மனிதரைக் காப்பாற்றுவது அந்த வீண்தான். உழைப்பின் பலன் என்று நாம் எண்ணுவது கடந்த தூரத்தை. உயிரைக் காப்பதோ கணக்கில் வராமல் போன பகுதி. சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்தி இது.

வால்பாறையைத் தாண்டி ஆழியாறு நோக்கி இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நிலைமை தலைகீழ். கால்களுக்கு வேலை இல்லை, அடுப்பு அணைந்துவிடுகிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்த ஈரத்தின் மேல் எதிர்காற்றும் சேர்ந்துகொள்கிறது. விரல்கள் விறைத்து, பிரேக் பிடிப்பதே பெரும்பாடாகிறது. பிரேக் கட்டையும் ரிம்மில் உள்ள நீரை வழித்துத் தள்ளிய பிறகே பிடிக்கும். ஒன்பதாம் வளைவுப் பக்கம் பாறைமேல் வரையாடு ஒன்று மழையைச் சட்டை செய்யாமல் நிற்கும்; முதுகு ரோமத்தில் நீர் வழிந்து ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு முக்காடு பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. நாமோ பையில் சுருட்டி வைத்த ரெயின்கோட்டைத் தேடி எடுத்து, சொட்டச் சொட்ட நனைந்த உடம்பின் மேலேயே மாட்டிக்கொள்கிறோம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நனையாமல் இருக்கும் காலம் எப்போதோ போய்விட்டது. உள்ளே மிஞ்சியிருக்கும் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணம் இன்று 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடக்கும் சோதனை. 2007-இல் மழையும் குளிரும் விடாமல் துரத்த, வழக்கத்தைவிட மிக அதிகமானோர் பாதியில் விலகினார்கள். தகுதிப் பயணங்களை முடித்துக் காட்டிய பிறகே அங்கே வந்து நின்றவர்கள் அவர்கள். கால்வலு இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது; ஈரத்திலும் குளிரிலும் கால்வலு மட்டும் போதவில்லை.

பழமொழியைப் பழிப்பதாக எண்ண வேண்டாம். அது சொல்லும் துணிவு உண்மையானது, ஏற்றத்துக்குப் போதுமானதும்கூட. ஆனால் இழப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நாம் இழப்புக்கு முந்திய கணத்தையே நினைக்கிறோம். சேமிப்பு, காப்பீடு, வேண்டுதல் எல்லாமே நனையாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள். நனைந்த பிறகு என்ன என்பதற்கு நம்மிடம் இருப்பது ‘போனது போகட்டும்’ என்ற ஒரே சொல். துணையை இழந்த ஒருவரை முதல் சில நாள்கள் தாங்கி நிறுத்துவது காரியங்களின் ஓட்டம்: சடங்கு, அலைச்சல், கையெழுத்துகள், வந்தவர்களுக்குச் சொல்லும் பதில்கள். பதினாறாம் நாள் முடிந்து உறவினர்கள் பஸ் ஏறிப் போனபின், செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்த நீண்ட இறக்கத்தில்தான், தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாத அந்த வேளையில்தான், எல்லாம் போய்விட்டது இனிக் காக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு உள்ளே நுழைந்து, இழப்பு விட்டுவைத்த கொஞ்சத்தையும் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே காப்பு என்பதன் முழுப் பொருள் இழப்பைத் தடுப்பதோடு முடிவதில்லை. இழந்தவரிடம் மிஞ்சியிருப்பதை, அது மிஞ்சியிருக்கிறது என்று அவரே நம்பாத வேளையிலும், மூடிப் பொதிந்து அடுத்த சமவெளி வரை கொண்டு சேர்ப்பதும் காப்புதான்.

மேகத்தை மலை அந்தப் பக்கமே பிழிந்துவிடுவதால் ஆழியாறு, பொள்ளாச்சிப் பக்கம் சாலை பல நாள் காய்ந்தே கிடக்கும். ஈரத்தோடு வந்து இறங்குகிறவரை டீக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, “இங்க ஒரு பொட்டுத் தண்ணி இல்லீங்க, எங்க தம்பி இப்படி நனைஞ்சீங்க?” என்பார். கேலி இல்லை, மழைமறைவில் நிற்பவருக்கு மலைக்கு மேலே பெய்தது தெரிய வழியில்லை. நாமும் பெரும்பாலான நாள் அந்தக் கடையில்தான் நிற்கிறோம். நனைந்து வந்து நிற்பவரிடம், முன்பே எங்காவது ஒதுங்கியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு துண்டைக் கொடுங்கள்.