பூட்டின் குற்றமா?

அல்லிநகரத்தில் நான் தங்கியிருக்கும் இல்லத்தின் பின்கதவு, மரச் சட்டத்திற்குப் பதிலாக யு.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் சட்டம் கொண்டது. சில மாதங்களாகக் கைப்பிடியை மேலே தூக்குவது கடினமாகிக்கொண்டே வந்தது. நானும் வலுவைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு மாலை உள்ளே ஏதோ முறிந்தது. கைப்பிடி துவண்டு தொங்கியது. முதலில் வந்து பார்த்தவர், கதவையே மாற்ற வேண்டும் என்று கூறிச் சென்றார்.

அடுத்து வந்த முதியவர் பூட்டைத் தொடவில்லை. கதவைச் சாத்தி, அதற்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் பார்த்தார். "பூட்டு மேல குத்தம் இல்ல சாமி. கதவு இறங்கிப்போச்சு. அதைச் சரிபண்ணாம புதுசு போட்டா அதுவும் உடையும்" என்றார்.

இத்தகைய கதவில் கைப்பிடியைத் தூக்கினால், நடுவிலுள்ள கியர் பெட்டி மேலும் கீழும் உள்ள கொக்கிகளை ஒருசேர நிலையின் துளைகளுக்குள் செலுத்துகிறது. தன் பாரத்தால் கதவு சற்று இறங்கினாலோ, வெயிலில் சட்டம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீண்டாலோ, கொக்கி துளைக்கு நேராக நில்லாது. நாம் அழுத்தும் வலுவெல்லாம் அந்தச் சிறு கியரின்மேல் விழுகிறது. முதியவர் ஆலன் சாவியால் கீலைத் திருகிக் கதவை உயர்த்தினார். பிறகு கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடித் துளைக்கும், அங்கிருந்து சாவித் துளைக்கும் உள்ள தொலைவுகளை அளந்து, அதே அளவுள்ள கியர் பெட்டியை மட்டும் மாற்றினார். கதவு அப்படியே இருக்கிறது.

நம் அண்டை மாவட்டத்துத் திண்டுக்கல் பூட்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது நாதாங்கியில் தொங்குவது. பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். கதவுக்குள்ளேயே இருக்கும் பூட்டின் நிலை வேறு. கதவின் கோணல் முழுவதையும் அதுவே சுமக்கிறது. நம்மோடு பணிபுரியும் மனிதர்களை இவ்விரண்டில் எந்தப் பூட்டாக எண்ணுகிறோம்?

இக்கேள்வி என்னையே சுடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், காலையில் ஆலயத்தைத் தாமதமாகத் திறந்தார், மக்களிடம் எரிந்து விழுந்தார் என்பதற்காகக் கோயில்பிள்ளையை இருமுறை எச்சரித்து, மூன்றாம் முறை அனுப்பிவிட்டேன். புதிதாக வந்த இளைஞரும் ஓராண்டுக்குள் அவ்வாறே மாறினார். அப்போதுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். அதிகாலை ஐந்து மணிக்கு மணியடிப்பவர், இரவுக் கூட்டம் முடிந்து கதவடைக்கும்வரை காத்திருந்தார். இடையில் என் சொந்த வேலைகளையும் செய்தார். ஊதியமோ மிகச் சொற்பம். இறங்கியிருந்த கதவு நானே. நேரத்தைக் குறைத்து ஊதியத்தைக் கூட்டினேன், இளைஞர் சீரானார். முதலாமவருக்கோ அந்த நியாயம் கிடைக்கவேயில்லை.

அப்படியானால் எதையும், எவரையும் மாற்றவே கூடாதா? அன்று, முறிந்த கியரை அகற்றத்தான் வேண்டியிருந்தது. உடைந்த பூட்டை இரக்கத்தால் விட்டுவைப்பது வீட்டைத் திருடனுக்குத் திறந்து வைப்பதாகும். பொதுப்பணத்தைக் கையாடுபவரை, எளியோரைத் துன்புறுத்துபவரைப் பொறுப்பில் நீடிக்க விடுவது இரக்கமாகாது. ஆயினும் அகற்றும் முன் காரணத்தைத் தேடுவது நீதியின் கடமை. கனிதராத அத்திமரத்திற்காக இன்னும் ஓராண்டு கேட்ட தோட்டக்காரர், சும்மா காத்திருப்பதாகச் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகச் சொன்னார். அவர் பார்வை மரத்தோடு நில்லாமல் மண்ணையும் நோக்கிற்று. பயன்படுத்தியபின் தூக்கியெறியும் பண்பாட்டை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டின் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் கண்டித்தபோது, பொருள்களோடு மனிதரும் அவ்வாறே ஒதுக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார்.

கோடை கழிந்ததும் கீலை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று முதியவர் சொல்லிச் சென்றார். அதே வாரத்தில், என்னோடு பணிபுரிவோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, எந்தச் சுமை அழுத்துகிறது என்று கேட்பதாக இருக்கிறேன். உங்கள் இல்லத்திலும், கடையிலும், வயலிலும் அவ்வாறு கேட்கப்பட வேண்டியவர் யார் என்பதை நீங்களே அறிவீர்கள்.