சாகாத வேஷம்

பெண்கள் பள்ளியில் ஆண்டு விழா நாடகத்துக்குப் பிரதி தேடும் ஆசிரியரை முதலில் தடுப்பது பாத்திரப் பட்டியல்தான். எதைத் திறந்தாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருப்பார்கள். ஓர் அம்மா, ஒரு மனைவி, தட்டேந்தி நிற்க ஒரு தோழி. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் கல்பூர்னியா, போர்ஷியா என்று இரண்டே பெண்கள். இருவரும் கணவனிடம் மன்றாடுகிறார்கள். நாடகம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. நம் பழைய நாடகங்களும் அப்படித்தான். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் குரல் உடையாத சிறுவர்கள் அல்லியாகவும் பவளக்கொடியாகவும் மேடையேறினார்கள். ஆண் நடிகர்களை மனத்தில் வைத்து எழுதிய அந்தப் பிரதிகளை, ஒரு வகுப்பறை நிறையப் பெண் பிள்ளைகளின் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எதைக் கொடுப்பது என்று யோசிக்கிறோம்.

பள்ளிகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி விழிப்புணர்வு நாடகம். வரதட்சணை, பெண் சிசுக்கொலை, குழந்தைத் திருமணம். பாத்திரங்களில் பெண்கள் அதிகம், செலவு குறைவு, சிறப்பு விருந்தினரும் பாராட்டுவார். நான் தமிழாசிரியையாக இருக்கும் பள்ளியிலும் வெகுகாலம் இதுவே நடந்துவந்தது. அப்படி ஒரு நாடகத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் மேசை அருகே வந்து நின்றாள். "டீச்சர், வசனம் கம்மியா இருந்தாலும் பரவால்ல. சாவாத வேஷமா ஒண்ணு குடுங்க." ஆறாம் வகுப்பிலிருந்து நன்றாக நடிப்பவள் அவள். நன்றாக நடிப்பதாலேயே ஒவ்வொரு முறையும் தீக்குளிக்கிற மருமகளாகவோ, மூச்சடங்கும் இளம் தாயாகவோ அவளைப் போட்டிருந்தோம்.

அந்தச் சொல்லை என்னால் கடந்து போக முடியவில்லை. அந்த நாடகங்கள் சொல்வது பொய்யில்லை. எங்கள் பிள்ளைகளில் சிலர் அந்தக் கதைகள் நடக்கிற தெருக்களிலிருந்துதான் வருகிறார்கள். ஆனால் ஒத்திகை என்பது ஒரு செயலை உடம்புக்குப் பழக்குவது. மாலை மாலையாக ஒரு பதினான்கு வயதுப் பெண் எதற்குப் பழகுகிறாள்? கையெடுத்துக் கும்பிடுவதற்கு, காலில் விழுவதற்கு, அடி வாங்கிச் சுருள்வதற்கு. கடைசிக் காட்சியில் ஒரு கலெக்டரோ இன்ஸ்பெக்டரோ வந்து நீதி சொல்வார். அவர் வரும்வரை மேடையில் உள்ள ஒரு பெண்ணும் எதையும் முடிவு செய்வதில்லை. பார்ப்பவர்கள் கண் கலங்குகிறார்கள். நடித்தவளிடம் என்ன தங்குகிறது என்று நாம் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிரதியைக் கையில் எடுத்தால் நான் எண்ணிப் பார்ப்பது பெண் பாத்திரங்களை இல்லை. மேடையில், நம் கண்ணெதிரே, ஒருத்தி ஏதாவது தீர்மானிக்கிறாளா? அதற்கு அவள் விலை கொடுக்க வேண்டியிருக்கிறதா? எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணம் கிடைக்கிறது? குழந்தைத் திருமணத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெண்ணின் வகுப்புத் தோழி குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்கிறாள் என்று வையுங்கள். அவள்தான் சொன்னாள் என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போகிறது. காப்பாற்றப்பட்டவளே முகம் கொடுத்துப் பேச மறுக்கிறாள். இப்போது இது நாடகம். அதே விஷயம்தான், ஆனால் மேடையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் யோசிக்க ஏதோ இருக்கிறது.

இந்த அளவுகோலோடு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குத் திரும்பியபோது எனக்கே அது வேறாகத் தெரிந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அந்தக் காட்சி ஏறாத மேடை இருக்காது. எல்லாப் பிள்ளைகளும் கண்ணகியாக வேண்டும் என்பார்கள். தலையை விரித்துப்போட்டு ஒற்றைச் சிலம்போடு நிற்பதன் கம்பீரம் அப்படி. ஆனால் கண்ணகி அவைக்குள் நுழையும்போதே தீர்மானத்தோடு வருகிறாள். அவளுக்கு உண்மை தெரியும். அந்த அவையில் மாறுகிறவன் பாண்டியன். கள்வனைக் கொல்வது அரச நீதி என்று உறுதியாகத் தொடங்குகிறவன், தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று தானே வாயால் சொல்லி, எதிரே உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிப்பதைப் பார்த்து, தானே கள்வன் என்று ஒப்புக்கொள்கிறான். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் பலர் முன்னால் தன் பிழையை ஏற்பது எப்படி இருக்கும் என்று ஒரு பெண் தன் உடம்பால் தேடிப் பார்க்க இதைவிட நல்ல வேஷம் எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளில் சிலர் நாளை அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்கள்.

"பொம்பளப் புள்ள ஆம்பள வேஷம் கட்டலாமா?" என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மிகப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. அதே சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கேடு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி, ஆயர்பாடிப் பெண்களைக் கூட்டிக் குரவை ஆட வைக்கிறாள். ஏழு பெண்கள். ஏழு சுரங்களின் பெயர்களை அவர்களுக்கு இடுகிறாள். பிறகு குரல் என்று பெயரிட்டவளைக் கண்ணன் ஆக்குகிறாள், இளியைப் பலராமன் ஆக்குகிறாள், துத்தத்தை நப்பின்னை ஆக்குகிறாள். வேஷம் பிரித்துக் கொடுக்கும் மூத்த பெண், கண்ணனாகவும் பலராமனாகவும் நிற்கும் இளம் பெண்கள், பார்ப்பதற்குக் கண்ணகி. பெண்கள் மட்டுமே கூடிய அந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் எதற்கும் தடுக்கவில்லை. மாதரியை என் தொழிலின் முன்னோடியாகவே நினைக்கிறேன்.

அண்மைக் காலத்திலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தினார். அதைப் பார்க்கப் போகிறவர்களுக்காகத் தனி ரயிலே விட்டதாக இன்றும் சொல்வார்கள். 1935இல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். 1941இல் 'சாவித்திரி'யில் நாரதராக வந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி, அந்த ஊதியம்தான் 'கல்கி' பத்திரிகைக்கு முதலாயிற்று. 2012இல் லண்டனில் ஃபிலிடா லாய்ட் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் பெண்கள் சிறைக்குள் நடப்பதாக அமைத்து, முழுக்கப் பெண்களை வைத்தே நடத்தினார். புரூட்டஸாக ஹாரியட் வால்டர். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கட்டைக்கூத்து குருகுலத்தில், ஆண்களுக்கே உரியது என்றிருந்த கூத்தைப் பெண் பிள்ளைகள் கற்றுக்கொண்டு ஆடினார்கள். தலையில் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் ஏறிவிட்டால் யாராலும் ஒடுங்கி நடக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மீசை வரைய விடுவதில்லை. கண் மையால் வரைந்த மீசையோடு ஒரு பிள்ளை நுழைந்ததும் அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பிலிருந்து காட்சியை மீட்பது கடினம். நடையும் நிற்கும் விதமும் குரலும் போதும். பார்ப்பவர்கள் இரண்டு நிமிடத்தில் பாண்டியனை ஏற்றுக்கொண்டுவிடுவார்கள்.

ஆண்களே இல்லாத நாடகங்களும் இருக்கின்றன. ஸ்பெயின் நாட்டின் லோர்கா 1936இல் எழுதிய 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' அவற்றுள் புகழ்பெற்றது. ஐந்து மகள்களை அடைத்துவைக்கும் ஒரு தாய். அவர்கள் மனத்தை ஆட்டிவைக்கும் பேப்பே என்ற ஆண் மேடைக்கு வருவதே இல்லை. மகத்தான நாடகம்; வளர்ந்தவர்கள் செய்ய வேண்டியது. ஆனால் மேடையில் இல்லாத அந்த ஆணைச் சுற்றியே எல்லோரும் சுழல்கிறார்கள், கடைசியில் இளைய மகள் தூக்கில் தொங்குகிறாள். என்னிடம் சாகாத வேஷம் கேட்டவளிடம் இதை எப்படி நீட்டுவேன்?

பள்ளி மாணவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவற்றில் நான் மிகவும் மதிப்பது தாகூரின் 'நடீர் பூஜா'. 1926இல் சாந்திநிகேதன் மாணவிகள் நடித்த அந்த நாடகத்தில் பாத்திரங்கள் எல்லாம் பெண்கள். புத்தருக்கான வழிபாட்டை அரசன் அஜாதசத்ரு தடை செய்திருக்கிறான். அரண்மனை நடனப் பெண் ஸ்ரீமதி பூஜை செய்யப் பணிக்கப்பட்டவள். அவளை இழிவுபடுத்த, பூஜை நடக்க வேண்டிய பீடத்தின் முன்னால் அவள் ஆட வேண்டும் என்று கட்டளை வருகிறது. அவள் ஆடுகிறாள், ஆடிக்கொண்டே நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள், பட்டுக்குள்ளே பிக்குணியின் ஆடை. கொல்லப்படுகிறாள். ஆம், இங்கும் சாவு உண்டு. ஆனால் அது அவளுக்கு நேர்ந்த கதி இல்லை. தெரிந்தே அவள் எடுத்த முடிவின் விலை. அவளைச் சுற்றி உள்ள பெண்களும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். கணவனையும் மகனையும் அந்தச் சமயத்துக்குப் பறிகொடுத்த அரசி லோகேஸ்வரி வெறுப்புக்கும் பக்திக்கும் நடுவே கிழிபடுகிறாள். இளவரசி ரத்னாவளிக்கு ஒரு நடனப் பெண் முன்னே நிற்பதைப் பொறுக்க முடியவில்லை. ஒரே நாடகத்தில் இத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு மனம் இருக்கிறது. ஸ்ரீமதியாக ஆடியவர் ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி. மறு ஆண்டு கல்கத்தாவில் நடத்தியபோது உபாலி என்ற பிக்கு பாத்திரத்தைச் சேர்த்துத் தாகூரே மேடையில் தோன்றினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையில் ஆடுவதை ஊர் ஏசிய காலம் அது.

நம் கதைகளிலேயே அல்லி இருக்கிறாளே என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியை கேட்டார். மதுரையை ஆண்டவள், ஆண்களை அண்டவிடாதவள். முதல் பாதியை நினைத்தாலே ஆசையாக இருக்கிறது. ஆனால் அவள் தூங்கும்போது அர்ச்சுனன் தாலி கட்டிவிடுவதை மங்கல முடிவாக வைத்துப் பதினான்கு வயதுப் பிள்ளைகளை நடிக்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அந்த இடத்திலிருந்து அல்லி என்ன செய்வாள் என்று புதிதாக எழுத முடிந்தால் நானே முதல் ஆளாகப் போடுவேன்.

பிரதியைவிடச் சிக்கலானது வேஷம் பிரிப்பது. உயரமாக இருப்பவள் ராஜா, குரல் கட்டையாக இருப்பவள் அரக்கன், நிறமாக இருப்பவள் நாயகி. இது எல்லாப் பள்ளிகளிலும் எழுதப்படாத சட்டம். கறுத்த பிள்ளையை ஒவ்வோர் ஆண்டும் சேவகனாக நிறுத்துவது அவளுக்கு எதைச் சொல்கிறது என்று அவளுக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். அதனால் முதல் வாரம் யாருக்கும் வேஷம் சொல்வதில்லை. எல்லோரும் எல்லா வசனத்தையும் படிக்கிறார்கள். உயரம் நாம் நினைக்கிற அளவுக்கு மேடையில் முக்கியமில்லை என்று அப்போது தெரிந்துவிடும். குட்டையான ஒருத்தி பாண்டியனின் முதல் வாக்கியத்தைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும்.

அடுத்தது குரல். வீட்டில் "மெதுவா பேசு" என்றே கேட்டு வளர்ந்தவர்கள். மைக் இல்லாமல் அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசச் சொன்னால் முதலில் வெட்கப்படுகிறார்கள், பிறகு இருமுகிறார்கள், பிறகு ஒரு நாள் தங்கள் குரலின் அளவைத் தாங்களே கேட்டுத் திகைக்கிறார்கள். காலர் மைக் வாடகைக்கு எடுக்கலாம் என்று நிர்வாகம் சொன்னபோதும் நான் வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

இந்த ஆண்டு வழக்குரை காதைதான் எடுத்திருக்கிறோம். பாண்டியன் யார், கண்ணகி யார் என்பது முடிவாகிவிட்டது. மிச்சமிருப்பது கோப்பெருந்தேவி. கெட்ட கனவு கண்டேன் என்று அரசனிடம் சொல்லிவிட்டு, வழக்கு முழுவதும் பேசாமல் இருந்து, கணவன் வீழ்ந்ததும் அவளும் உயிர்விடுகிறாள். வழக்குக்கு வேராக இருப்பது அவளுடைய சிலம்பு. அவளுக்கோ அந்த அவையில் பேச்சே இல்லை. அவளுக்கு ஒரு பக்க வசனம் எழுதும் வேலையை ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கூட்டம், மாணிக்கத்தைப் பார்த்ததும் அவள் தன் காற்சிலம்பைக் கழற்றிக் கண்ணகி முன்னால் வைக்க வேண்டும் என்கிறது. இன்னொரு கூட்டம், "என்னைக் கேட்டிருந்தால் என் சிலம்பு எது என்று நானே சொல்லியிருப்பேனே" என்று அவள் அரசனைத்தான் கேட்க வேண்டும் என்கிறது. தேவி சாகக்கூடாது என்று மூன்றாவதாக ஒரு குரலும் எழுந்திருக்கிறது. மூன்றையும் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். படித்துப் பார்த்து, நின்று பேசிப் பார்த்து, எது மேடையில் நிற்கிறதோ அதை வைத்துக்கொள்வோம்.