கைமாறும் வேலையும் கைமாறாத பொறுப்பும்

திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி இருக்கிறது. பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தை இவ்வூரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30இல் மறைந்தார். ஒரு பண்டத்தை வாங்குகிறவன், அது உருவானபோது நேர்ந்த அநீதியிலும் பங்காளியாகிறான் என்பது அவர் கொள்கை. பண்டங்களை எண்ணி அவர் சொன்னது, இன்று வாங்கி விற்கப்படும் உழைப்புக்கும் பொருந்துமா என்பதே நம்முன் உள்ள வினா.

இப்பகுதியின் பிள்ளைகள் பட்டம் பெற்று, மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சித் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கும், சென்னைக்கும், பெங்களூருக்கும் வேலை நாடிச் செல்கின்றனர். அயல்நாட்டு நிறுவனம் ஒன்று தன் பணியை இங்குள்ள பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. அது ஒரு பகுதியைச் சிறிய நிறுவனத்திடம் தள்ளுகிறது. முடிவில் ஓர் இளைஞன் இரவெல்லாம் விழித்து அதைச் செய்கிறான். இதற்கு அவுட்சோர்சிங் என்று பெயர். கூலி தாமதித்தாலோ, உடல் நலிந்தாலோ அவன் யாரைக் கேட்பது? ஒவ்வொருவரும் அடுத்தவரையே சுட்டுகின்றனர்.

பெயர் புதிதாயினும் வழக்கு பழையது. தையற்காரர் ஒருவர் பத்து ரூபாய்க் கூலிக்கு ஒரு துணியை ஏற்று, ஏழு ரூபாய்க்கு இன்னொருவரிடம் தைக்கக் கொடுத்தால், எஞ்சிய மூன்று ரூபாய் அவருக்கு ஆகுமா? ஃபிக்ஹு அறிஞர்கள் இத்தகைய வினாவை எழுப்பி விவாதித்துள்ளனர். துணியை வெட்டிக் கொடுப்பது போன்ற ஏதேனும் ஒரு வேலையைத் தாமும் செய்யாவிடில், அந்த மிச்சத்தை முற்கால அறிஞர் சிலர் வெறுத்தனர். ஹனஃபி சட்ட நூல்களோ, இலாபத்துக்கு உரிமை தருவன மூன்று என்கின்றன: முதல், உழைப்பு, ‘ளமான்’ என்னும் பொறுப்பேற்பு. ஆக, முதலும் இடாமல், உழைப்பும் தராமல், பொறுப்பும் ஏற்காமல் நடுவில் நின்று பெறும் இலாபத்துக்கு நியாயம் ஏது?

சிறு நிறுவனத்தார் ஒரு மறுப்புச் சொல்வர்: “விலையை நிர்ணயிப்பவர் நாங்கள் அல்லர், சற்று உயர்த்திக் கேட்டால் வேலை பிலிப்பைன்சுக்குப் போய்விடும், இயந்திர அறிவும் இப்போது போட்டிக்கு வந்துவிட்டது.” இதை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. வேலையே இல்லாத வீட்டுக்கு அறநூல் சோறு போடாது. ஆனால் இம்மறுப்பு குறைந்த இலாபத்துக்குக் காரணமாகலாம், கைவிடுதலுக்குக் காரணமாகாது. மேலும், விலையை நிர்ணயிக்கும் வலிமை எவரிடம் உண்டோ, பொறுப்பின் பெரும்பங்கும் அவரிடமே சேர வேண்டும் என்பதையே அது மெய்ப்பிக்கிறது.

சட்டமும் இதை உணர்ந்ததுண்டு. ஒப்பந்தக்காரர் கூலி தராவிடில் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்று இந்தியாவின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனினும், கடல் கடந்து நிற்கும் முதலாளியைத் தேசச் சட்டம் எளிதில் எட்டுவதில்லை. 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கு ஆடைகள் தைக்கப்பட்டது மேலைநாட்டு நிறுவனங்களுக்காக. தங்கள் அனுமதியின்றி நடந்த பணி என்று கைவிரித்தவர்களும் உண்டு. அதன் பின்னரே, ஆலைகளின் பாதுகாப்புக்குப் பிணையாகும் ஒப்பந்தத்தில் பல நிறுவனங்கள் கையொப்பமிட்டன. அத்தனை உயிர்கள் போன பிறகுதான் ளமானின் பொருள் விளங்க வேண்டுமா?

வேலை எத்தனை கை வேண்டுமானாலும் மாறட்டும்; அதில் பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு கையும் இலாபத்தில் எடுத்துக்கொண்ட அளவுக்குப் பொறுப்பிலும் எடுத்துக்கொள்ளட்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கும் நாம், யாருடைய பொறுப்பில் கிடைத்தது என்றும் சேர்த்தே கேட்போமாக.