மதகு உடைந்தால் யாரைச் சோதிப்பது?

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. தண்ணிக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. வெள்ளைக்காரன் 1836இல் கட்டத் தொடங்கிய அணையைத்தான் சோதித்தார்கள், புதுசும் கட்டினார்கள். சேரிப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் உடைந்துபோனால் மட்டும் பிள்ளையையே சோதிக்கிறார்கள். ‘மந்தமா இருக்கான், கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்க.’

1905இல் பிரான்சில் பினே அறிவுச் சோதனையை உண்டாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான். அமெரிக்கா போனதும் அது பிறவியிலேயே மட்டம் என்று முத்திரை குத்தும் கருவியானது. அந்த முத்திரை நமக்கென்ன புதுசா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதற்குமுன் சில நாள் அவன் பள்ளிக்கே போகவில்லை. அதற்கு ‘படிப்பில் நாட்டமின்மை’ என்று பெயர் வைத்திருந்தால் எவ்வளவு பெரிய பொய்!

அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் வேண்டும்தான். ஆனால் வெட்டுகிற கைக்கு அரிவாளைவிட முதலில் வந்தது சாதிக்கயிறு. அந்தக் கயிற்றையும் பள்ளிப் பெயரிலுள்ள சாதியையும் எடுக்கச் சொன்னது நீதிபதி சந்துருவின் 2024 அறிக்கை. அதுதான் மனவைத்தியம். பிள்ளையை விடுங்கள், வகுப்பறையைச் சோதியுங்கள்.