கேள், சட்டம் உன்னுடையது!

தாலுகா அலுவலகத்தில் ஏன் கைகட்டி நிற்கிறாய், நண்பா? "நாளைக்கு வா" என்கிறார்கள், திரும்பிப் போகிறாய். "ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார்கள், தலையாட்டுகிறாய். நிமிர்ந்து நில்! நீ சலுகை கேட்டு வரவில்லை, உரிமையைக் கேட்டு வந்திருக்கிறாய்.

சட்டம் என்றாலே போலீஸும் விலங்கும்தான் உன் நினைவுக்கு வருகின்றனவா? குற்றவாளியைத் தண்டிப்பது அதன் ஒரு வேலைதான். எளியவனையும் அதிகாரியையும் சரிசமமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய வேலை.

2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பார். அதற்கு வித்திட்டவர்களில் ராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்களும் உண்டு. வெயிலில் மண் சுமந்தவர்களுக்கு முழுக் கூலி வரவில்லை. "வருகைப் பதிவேட்டைக் காட்டு" என்றார்கள். காட்ட மறுத்தது அதிகாரம். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். கைநாட்டு வைப்பவர்களும் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த துணிச்சல் படித்த உனக்கு வராதா?

எடு ஒரு வெள்ளைத்தாளை! அந்தச் சட்டத்தின்படி உன் தாலுகா அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுது. 'என் மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது? என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?' என்று கேள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. எதற்காகக் கேட்கிறாய் என்று நீ யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் ஆணையம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இழுத்தடிப்பார்கள். அரைகுறைப் பதில் தருவார்கள். "இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்று வீட்டிலேயே தடுப்பார்கள். தளராதே! அடுத்த மனுவை எழுது. கேட்க ஆளில்லாத ஊரில்தான் சட்டம் அச்சடித்த தாளாகக் கிடக்கிறது. பத்துப் பேர் துணிந்து கேட்கும் ஊரில் பதினோராவது ஆளிடம் "நாளைக்கு வா" என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அந்தப் பத்துப் பேரில் முதல் ஆள் நீயாக இரு. இன்றைக்கே எழுது!