உக்கிராணக்காரனின் கணக்கு

பொருளைக் கையாளும் முறை பல்கலைக்கழக மாணவர்க்குக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு அதிகமில்லை. புலமைப்பரிசிற் பணத்தையோ வீட்டார் அனுப்பும் பணத்தையோ முதன்முதலாகத் தம் பொறுப்பிற் செலவிடும் பருவம் அது. வரவு செலவுத் திட்டம், சேமிப்பு, கடன் தவிர்ப்பு என்பனவற்றைப் போதிக்கும் வகுப்புக்களைக் கிறித்தவ அமைப்புக்களும் நடத்துகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1970களிலிருந்து இஃது ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. ஆயின் இவையெல்லாம் ஒரு வங்கி முகாமையாளரும் கற்பிக்கக் கூடியவை. தலைப்பில் ஒரு வேதவசனத்தைப் பொறித்துவிடுவதால் அவை கிறித்தவப் போதனை ஆகிவிடுமா என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடைகாண, மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையான ஜோன் வெஸ்லியின் (1703-1791) ஒக்ஸ்போர்ட் வாழ்வை நோக்குதல் தகும். வறுமையை அவர் நூல்களிற் கற்றவரல்லர். குருவானவராயிருந்த அவர் தந்தையார் 1705இல் கடன் காரணமாக லிங்கன் நகரக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1720இல் ஒக்ஸ்போர்ட் சென்ற மகனும் மாணவப் பருவத்திற் கடனின்றி இருந்தாரல்லர். 1726இல் லிங்கன் கல்லூரியின் வேதனம் பெறும் அங்கத்தவராகத் தெரிவான பின்னரே (சிறைக்கும் கல்லூரிக்கும் உள்ள பெயரொற்றுமை தற்செயலானதன்று) அவர்க்கு நிலையான வருவாய் வந்தது.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றைப் பின்னாளில் அவரே ஒரு பிரசங்கத்திற் கூறியுள்ளார். கடுங்குளிர் நாளொன்றில், அவரும் நண்பர்களும் ஆதரித்த பள்ளியிற் பயின்ற ஏழைப் பெண்ணொருத்தி மெல்லிய ஆடையுடன் அவரிடம் வந்தாள். உதவ எண்ணிப் பையிற் கைவிட்டபோது அங்கே எஞ்சியிருந்தது மிகச் சொற்பம். அவருடைய அறைச் சுவரிலோ பணம் கொடுத்து வாங்கிய படங்கள் தொங்கின. படம் வாங்குதல் பாவமன்று. ஆயினும் அச்சுவரின் அழகு அப்பெண்ணின் போர்வையினின்றும் கழிக்கப்பட்டதென்று அவருள்ளம் கணக்கிட்டது.

அக்குழுவைச் சேர்ந்த ஒருவரின் கணக்கையும் வெஸ்லி பதிவு செய்துள்ளார். அவ்வொருவர் வெஸ்லியே என்பது பொதுவாகக் கொள்ளப்படுவது. ஆண்டு வருவாய் 30 பவுணாயிருந்தபோது அவர் 28 பவுணில் வாழ்ந்து 2 பவுணை ஈந்தார். மறு ஆண்டு வருவாய் 60 ஆயிற்று; செலவு அதே 28, ஈகை 32. பின்னர் 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. ஈண்டுக் கூட்டலும் கழித்தலும் எவரும் செய்வனவே. வேறுபாடு, எவ்வுறுப்பை மாறாததாக வைப்பது என்பதில் உள்ளது. உலக வழக்கில் வருவாய் உயர வாழ்க்கைத்தரமும் உடனுயரும். தசமபாகம் கொடுப்போனும் எஞ்சிய ஒன்பது பங்கும் தனதே எனக் கருதல் கூடும். வெஸ்லியின் கணக்கில் நிலைத்து நிற்பது தேவை, வளர்வது ஈகை.

1760இல் வெளிவந்த பணத்தின் பயன்பாடு பற்றிய பிரசங்கத்திலே, ஈட்டுக, சேமிக்க, ஈக எனும் மூன்று விதிகளை அவர் வகுத்தார். அதற்கு ஆதாரமாகக் கொண்டது லூக்கா சுவிசேஷத்தின் உக்கிராணக்காரன் உவமை. தமிழ்க் கிறித்தவர் வழங்கும் உக்கிராணத்துவம் என்ற சொல்லின் பொருளும் இதுவே: களஞ்சியத் திறவுகோல் கையிலுண்டு, களஞ்சியம் தனதன்று. திருக்குறளில் பொருள்செயல்வகை பொருட்பாலிலும் ஈகை அறத்துப்பாலிலும் அமைந்திருத்தலை ஒப்புநோக்கின், இரண்டையும் ஒரே மூச்சில் இணைத்த வெஸ்லியின் துணிவு புலப்படும்.

இணைப்பு அறுந்தால் நேர்வதையும் அவர் அறிந்திருந்தார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கும். அவை செல்வத்தைப் பெருக்கும். செல்வம் பக்தியை அரிக்கும் என்ற அவரது அச்சத்தை மாக்ஸ் வெபர் தம் புகழ்பெற்ற ஆய்வில் எடுத்தாண்டார். முதல் விதியைப் பலரும், இரண்டாவதைச் சிலரும் கைக்கொள்ள, மூன்றாவதைக் கைக்கொள்வார் அரியர் என்று வெஸ்லி முதுமையில் வருந்தினார். சேமிக்க மட்டும் கற்பிக்கும் வகுப்பு நேர்த்தியான உலோபிகளையே உருவாக்கும்.

இஃது ஒரு பிரமசாரியின் கணக்கு எனும் மறுப்பை எளிதில் ஒதுக்குதற்கில்லை. மணமாகாது கல்லூரியில் உறைந்தவர்க்கு 28 பவுண் போதியதாயிற்று. தம்பியின் படிப்பையும் தங்கையின் திருமணத்தையும் தோளிற் சுமக்கும் மாணவனுக்கு மிச்சம் என்பதே இல்லை. வெஸ்லியும் தன் தேவையையும் வீட்டாரின் தேவையையும் முதலில் நிறைவு செய்த பின்னரே பிறர்க்கு ஈயச் சொன்னார். ஆகையால் வீட்டுக்கு அனுப்பும் பணம் உக்கிராணத்துவத்திற்குப் புறம்பானதன்று. சிக்கல், வீட்டின் தேவை எவ்விடத்து முடிந்து வீட்டின் பெருமை தொடங்குகின்றது என்பதிலேதான். அதனை எந்தப் பாடநூலும் எண்ணால் வரையறுத்தல் இயலாது. வெஸ்லிக்கும் அவ்வெல்லையைக் காட்டியது நூலன்று, குளிரில் நடுங்கிய ஒருத்தியே. அவருடைய குழுவினர் 1730 முதல் ஒக்ஸ்போர்ட் கோட்டைச் சிறைக்குச் சென்றுவந்தனர். சிறுகடன் தீர்க்க வழியின்றி அங்கு அடைபட்டுக் கிடந்தோரை மீட்க அவர்கள் தமக்குள்ளும் நண்பரிடமும் பணம் திரட்டினர்.